தெரிஞ்சுதானே போனான்?

2015 ஏப்ரல் 8 காலை, போளூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நான் சொன்ன வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. முந்தைய நாள் விடியற்காலை திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. செம்மரம் வெட்ட வந்தவர்கள், கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். இறந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். பலர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டம். கடையில் யாரும் என்னை மறுக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் மட்டும் தலையைத் தூக்காமல் கேட்டார்: "என்ன தெரியும்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

அவருடைய மச்சான் மகன் அதற்கு முன்பே ஒருமுறை போய் மாட்டியவன் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெயின்ட் அடிக்கிற வேலை, நல்ல கூலி என்று புரோக்கர் வண்டி ஏற்றினான். மலையடிவாரத்தில் இறக்கிய பிறகுதான் கையில் கோடாலி. ராத்திரி, தெரியாத காடு, தெரியாத பாஷை. திரும்பி எப்படி வருவது?

"தெரிஞ்சு" என்ற சொல்லை நான் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதிலும் நான் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பட்டுத்தறி. ஆரணி முதலாளியிடம் அப்பா அட்வான்ஸ் வாங்கியிருந்தார், அக்கா கல்யாணத்துக்கு. பாவும் ஜரிகையும் அவர் தருவார், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அட்வான்ஸ் அடையும்வரை வேறு ஆளுக்கு நெய்ய முடியாது. அப்பாவை யாரும் கட்டிப்போடவில்லை. "நீங்களாத்தானே வாங்குனீங்க?" என்று கேட்டால் "ஆமா" என்பார். அந்த "ஆமா" பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை.

சட்டத்துக்கு இது புரியாமல் இல்லை. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சக்திகள்தான் என்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. 2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஆள்கடத்தல் குற்றத்தைத் தீர்மானிக்கும்போது பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்றது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஒருவருக்கு மேல் கடத்தினால் குறைந்தது பத்து ஆண்டு. டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னைவிடச் சட்டம் நிதானமாகத்தான் யோசித்திருக்கிறது.

ஆனால் அந்த நிதானம் அவன் கையில் கோடாலி வரும்வரைதான். அதற்குப் பிறகு அவன் கடத்தப்பட்டவன் இல்லை, கடத்தல்காரன். தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் இருப்பது எனக்கு இப்போது உறுத்துகிறது. 2016இல் ஆந்திரா தன் வனச் சட்டத்தைத் திருத்தி செம்மரக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டியது. தண்டனை கூடினால் முதலில் அது யார் மேல் விழும்? மலை மேல் நிற்பவன் மேல்தான். பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடித்தவன் மலை ஏறுவதே இல்லை.

சேஷாசலத்துக்குச் சில நாள் முன்பு, 2015 மார்ச்சில், பிரிட்டன் நவீன அடிமைத்தனச் சட்டத்தை நிறைவேற்றியது. அடிமைப்படுத்தப்பட்டவர் அந்தக் கட்டாயத்தில் ஒரு குற்றம் செய்திருந்தால், கொலை போன்ற பெருங்குற்றங்கள் நீங்கலாக, அதையே தன் தற்காப்பாக வைக்கலாம் என்கிறது அதன் 45ஆம் பிரிவு. 2018இல் நம் மக்களவை நிறைவேற்றிய ஆள்கடத்தல் மசோதாவிலும் இப்படி ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆனால் தலைகீழாக: பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். சின்னக் குற்றத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. அந்த மசோதாவும் 2019இல் காலாவதியானது.

"அப்போ வறுமைன்னு சொல்லிட்டு யார் வேணா என்ன வேணா செய்யலாமா?" நியாயமான கேள்வி. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அந்தக் காடும் காப்பாற்றப்பட வேண்டியதுதான். தெரிந்தே, கூலி பேசி, திரும்பத் திரும்பப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கடத்தப்பட்டவர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அவர்களுக்கு உரியது விசாரணையும் தீர்ப்பும், தோட்டா இல்லை. ஆனால் ஏமாந்து போனவனையும் தெரிந்து போனவனையும் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. "என்ன வெட்டினாய்?" என்று கேட்பதற்கு முன்னால் "உன்னை யார் கூட்டிவந்தது?" என்று கேட்க வேண்டும்.

ஆள்கடத்தல் சட்டத்தை வலுப்படுத்துவது என்றால் எனக்கு இப்போது அதுதான் அர்த்தம். சிறை ஆண்டுகளைக் கூட்டுவது சுலபம். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் நம் சட்டமன்றம் அப்படித்தான் செய்தது. ஆந்திரக் காட்டில் பிடிபட்டவனைத் தமிழ்நாட்டுத் திருத்தம் காப்பாற்றாது. அந்தப் பாதுகாப்பு மத்தியச் சட்டத்தில்தான் வர வேண்டும். ஆனால் புரோக்கர் ஆள் பிடித்தது இங்கே, எங்கள் ஊரில். அந்தக் குற்றத்தை இங்கேயே விசாரிக்க எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

டீக்கடை அண்ணனின் மச்சான் மகனைப் போன மாதம் பார்த்தேன். இன்னும் வாய்தாவுக்கு ஆந்திரா போய் வருகிறான். ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி நஷ்டம். "என் தப்புதாண்ணே," என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போனவன் யார் என்று ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லையாம்.

இத்தனை வருஷத்தில் நானும் கேட்டதில்லை.