பர்ட்டனும் எரிந்த காகிதங்களும்

1847இல் நோய் விடுப்பில் ஊட்டிக்கு வந்த ஒரு லெஃப்டினென்ட்டுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. ரிச்சர்ட் பர்ட்டனுக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு வருஷ விடுப்பை வைத்துக்கொண்டு சில மாதங்களிலேயே சலித்துக் கிளம்பிவிட்டார். கோவாவையும் நீலகிரியையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1851இல் லண்டனில் வெளியாயிற்று. அதில் வெள்ளைக்காரச் சீமான்களைக் கேலி செய்கிற அதே சுறுசுறுப்போடு தொதவர்களையும் அளந்து பார்க்கிறார். கேலிக்கும் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பிற்காலத்தில் இங்கிலாந்து முகம் சுளித்த பர்ட்டன் இவர்தான். 1883இல் காமசூத்திரம், 1885இலிருந்து ஆயிரத்தொரு இரவுகள். 1857ஆம் வருஷத்து ஆபாசச் சட்டத்துக்குத் தப்ப, பொய்யான ஊர்ப் பெயர்களைப் போட்டு, சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று அச்சிட்டார்கள். (நாம் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போடுகிறோமே, அதற்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு.) காமசூத்திர மொழிபெயர்ப்பின் பெரும்பாட்டைச் சுமந்தவர் பகவான்லால் இந்திரஜி என்ற குஜராத்திப் பண்டிதர். துணிச்சல் பர்ட்டன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

இந்தத் துணிச்சலை நான் நெடுநாள் வியந்தவன். கல்லூரியில் ஆங்கிலம் படித்தபோது, ஒழுக்கத்தை மீறுகிறவனெல்லாம் உண்மைக்கு அருகில் இருக்கிறான் என்ற ஒரு சௌகரியமான நம்பிக்கை எங்களுக்கு இருந்தது. இப்போது அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. அரபியனின் இச்சை, இந்துவின் இச்சை, சிந்துவாசியின் இச்சை என்று அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக எழுதிய பர்ட்டன், நான் படித்தவரை, தன் இச்சையைப் பற்றி அச்சில் வாய் திறக்கவில்லை. கராச்சியின் ஆண் விபசார விடுதிகளைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதியதாகவும், அதனால் உத்தியோகமே போக இருந்ததாகவும் அவரே சொன்னார். அந்த அறிக்கை இன்றுவரை அகப்படவில்லை. இருந்தாலும் அதில் இருந்திருக்கப்போவது மற்றவர்கள்தாம். இதன் பக்கத்தில் ஜி. நாகராஜனை வைத்துப் பார்க்கலாம். ‘குறத்தி முடுக்கு’ எழுதியவருக்குப் பின்னால் யூனிஃபாரமும் இல்லை, சந்தாதாரர்களும் இல்லை. தான் எழுதிய உலகத்துக்குள்ளேயே கிடந்து, அதற்கான விலையைத் தன் உடம்பாலேயே கொடுத்து 1981இல் செத்துப்போனார். மீறல் என்ற ஒரே சொல்லால் இருவரையும் குறிப்பது விமர்சனச் சோம்பேறித்தனம்.

1890இல் ட்ரீயஸ்டில் பர்ட்டன் இறந்ததும், அவர் கடைசியாக உழைத்துக்கொண்டிருந்த ‘நறுமணத் தோட்டம்’ மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்பிரதியை மனைவி இஸபெல் நெருப்பில் போட்டாள். ஆறாயிரம் கினி தருவதாக ஒருவர் சொல்லியும் மறுத்ததாக அவளே அடுத்த வருஷம் பத்திரிகைக்கு எழுதினாள். நாட்குறிப்புகளிலும் பெரும்பகுதி அழிந்தது. இலக்கிய உலகம் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. நானும் அவளைத் திட்டியிருக்கிறேன், கவிஞனான ஒரு நண்பனிடம், குன்னூர் பஸ் நிலையத்து டீக்கடையில்.

அந்த நண்பன் இப்போது இல்லை. தேயிலைத் தோட்டமொன்றில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவன். நான்கு மாதத்துக்கு முன் அவன் மனைவி மஞ்சள் பையில் மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து என் பாங்க் கவுண்டரில் வைத்தார். “நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்கண்ணா. அடுப்புல போடவா, வெச்சிருக்கவா?”

படித்தேன். அவன் அச்சில் போட்ட எதையும்விட நல்ல எழுத்து. ஒளிவில்லை, பர்ட்டன் செய்யாததை இவன் செய்திருக்கிறான், தன்னையும் வைத்துத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் அதில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் வருகிறாள், பெயரோடு, லயத்து வீட்டோடு. யாருக்கு எந்தக் காடு, யாருக்கு அரைநாள் என்று தீர்மானிக்கிறவன் எழுதியது அது. அவள் இசைந்தாள் என்று எழுதுகிறான். அவள் மறுத்திருந்தால் மறுநாள் எந்தச் சரிவுக்குப் போயிருப்பாள் என்பதை எழுதவில்லை. அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றியதாகவே நோட்டில் அடையாளம் இல்லை. நேர்மைக்கும் இப்படி ஒரு குருட்டுப் பக்கம் உண்டு என்பதை அவன் எழுத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

எரிக்கும் உரிமை மனைவிக்கா, காக்கும் உரிமை இலக்கியத்துக்கா என்றுதான் இஸபெல் விஷயத்தில் நூற்றுச் சொச்சம் வருஷமாக வழக்காடுகிறோம். எழுதப்பட்டவளை யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை. பெயரை மாற்றி வெளியிடலாமே என்று இதைப் படிக்கும் நண்பர்கள் சொல்வார்கள். பெயரை மாற்றினால் அவள் தப்பலாம். எழுத்துக்குள் அவளுடைய வாய் திறந்துவிடாது. அவளிடமே கேட்கலாம் என்றால், கேட்கப் போவதே அவளைக் காட்டிக்கொடுப்பதாகும். அவள் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. போன வாரம் மார்க்கெட்டில் நண்பனின் மனைவியைப் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினோம்; பையைப் பற்றி அவர் கேட்கவில்லை.