இடையில் நிற்பவனின் அளவு

பிறர் சொல்லைச் சுமந்து செல்பவன் அச்சொல்லின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ உரிமை உடையவனா? தூதுவர், மொழிபெயர்ப்பாளர், நடுவர் என இடையில் நிற்கும் எல்லாரையும் தொடும் வினா இது. நம்மில் பலர் கண்டிராத ஒரு கருவியை முன்வைத்து இதைச் சிந்திக்க விழைகிறோம். ஹாம் வானொலி அன்பர்கள் உயரமான இடங்களில் நிறுவும் ரிப்பீட்டரே அது.

கையடக்கக் கருவியின் ஆற்றல் சிறிது. குன்றும் கட்டடமும் அதன் அலையை மறித்துவிடும். எனவே உயரத்தில் நிற்கும் ரிப்பீட்டர் அக்குரலை ஓர் அலைவெண்ணில் வாங்கி, அதே நொடியில் வேறோர் அலைவெண்ணில் சுற்றுவட்டாரமெங்கும் பரப்புகிறது. நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இவ்விரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். வாங்கும் கருவிக்கும் பரப்பும் கருவிக்கும் நடுவே கன்ட்ரோலர் என்னும் சிறு பலகை அமர்ந்திருக்கிறது. ஒலியளவை அமைக்கும் சிறு திருகுகள் அதில் உண்டு.

பண்பலையில், குரல் உயர உயர அலைவெண் தன் நடுநிலையிலிருந்து அதிகமாக விலகும். இவ்விலகலுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் என்பது வழக்கமான உச்சவரம்பு. முதலில் பரப்பும் கருவியில் அவ்வரம்பை அமைத்துவிட்டு, 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை 3 கிலோஹெர்ட்ஸ் விலகலோடு உள்ளே அனுப்புவார்கள். வெளியே வருவதும் 3 ஆகும்வரை திருகுவார்கள். மூன்று வந்தால் மூன்று போகவேண்டும், நெறி அவ்வளவே. இதைக் காதால் அமைப்பது ஏமாற்றம் தரும். காது எந்த அளவுக்கும் விரைவில் பழகிவிடும், அளவுமானி பழகுவதில்லை.

வரம்பை மீறிக் கத்துபவர் அதிகம் கேட்கப்படுவதுமில்லை. அவர் அலை பக்கத்து அலைவரிசையில் சிந்துகிறது. கேட்போர் கருவியிலோ உரத்த அசைகள்தாம் முதலில் நொறுங்குகின்றன. அவருக்காக நாம் வருந்த வேண்டியதில்லை. மெல்லப் பேசுபவரின் நிலைதான் நம்மை உறுத்துகிறது. மூன்றுக்கு மூன்று என்னும் நெறி, ஒன்றுக்கு ஒன்றையே தரும். தாழ்ந்த குரல் தாழ்ந்தே போகும். இது நீதியா?

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறநூலின் ஐந்தாம் பகுதியில், தகுதிக்கேற்பப் பகிர்ந்தளிக்கும் நீதியையும் ஆள் யாரெனப் பாராமல் அளவை மட்டும் சமன்செய்யும் நீதியையும் பிரித்துக் காட்டுகிறார். திருகுக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டுமே. சங்கத் தலைவரும் நேற்று உரிமம் பெற்ற மாணவரும் அதற்கு ஒன்றே. இதனைச் சிறிய நன்மையாக நாம் கருதவில்லை. ஒரு மெல்லிய குரலுக்காகத் திருகை ஏற்றினால் மற்றவர் குரல்களெல்லாம் உச்சவரம்பில் மோதி நசுங்கும். ‘தானே சரிசெய்யும் சுற்று ஒன்றை வைத்துவிடலாமே’ என்பார் உளர். முழுமனத்தோடு அதை மறுக்க இயலவில்லை; ஆயினும் அது தாழ்ந்த குரலை உயர்த்தும்போது, பேச்சின் இடைவெளிகளில் மின்விசிறியின் இரைச்சலையும் உயர்த்துகிறது. அதைவிட, ‘ஒலிவாங்கியை வாயருகே வையுங்கள்’ என்று பேசுபவரிடம் சொல்லும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. எல்லாம் நன்றாகவே கேட்கும்போது அவர் தம் குறையை எப்படி அறிவார்? நண்பர் சொல்லவேண்டியதைக் கருவி மறைத்துவிட்டது.

ஆனால் சொல்லித் திருத்த நேரமில்லாத வேளைகள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் குழுவினரும் ஹாம் வானொலி வழியே அந்தமானின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். அத்தகைய நாளில், களைத்துத் தாழ்ந்த குரலுக்கு என்ன வழி? ஹாம் அன்பர்களிடம் ஒரு பழைய வழக்கம் உள்ளது. அக்குரலைத் தெளிவாகக் கேட்ட ஒருவர், ‘இவர் சொன்னதை நான் திரும்பச் சொல்கிறேன்’ என்று அறிவித்துவிட்டு, தம் குரலில் அதை எடுத்துரைப்பார். யார் சொன்னது, யார் எடுத்துச் சொல்வது என்பது எல்லாருக்கும் தெரியும். பிழை நேர்ந்தால் உரியவரே இடைமறித்துத் திருத்தலாம். இரக்கம் இங்கே ஒளிந்து செயல்படவில்லை. திருகுக்குள் வைக்க முடியாததை ஒரு மனிதர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறார்.

பல ரிப்பீட்டர்களைத் தொடராக இணைக்கும்போது நெறி இன்னும் கடுமையாகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு டெசிபெல் கூடினால் எவர் காதும் அதைப் பொருட்படுத்தாது. நான்கைக் கடந்தபின் எட்டு டெசிபெல். குரலின் வீச்சு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வதந்தி வளர்வதும் இப்படித்தானே! கடைசியில் கேட்பவர் பேசியவரைக் குறைகூறுவார்; இடையில் இருந்த நால்வரும் தாம் ஒன்றும் செய்யவில்லை என்றே நம்புவர்.

இறுதியாக நிலையத்தின் சொந்தக் குரல் எஞ்சியிருக்கிறது. ரிப்பீட்டர் தன் அழைப்புக்குறியை அவ்வப்போது மோர்ஸ் ஒலியில் அறிவிக்கவேண்டும். சில வேளைகளில் எவரேனும் பேசிக்கொண்டிருக்கும்போதே அறிவிக்க நேரும். அந்தத் திருகைப் பேச்சொலிக்குக் கீழே, ஆனால் கேட்பவருக்குப் புரியும் அளவில் நிறுத்துவார்கள். அறிவிப்பு முடியும்வரை பேசுபவர் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை.