தருபவரை வரவு வை

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லித் தருவார்கள்: 'பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை.' படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மட்டும் போகவில்லை. அண்மையில் எதிர்பாராத இடத்தில் ஞாபகம் வந்தது.

போன ஆடியில் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா. பம்பை அடிக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் வீட்டுத் திண்ணையில் மகன் செல்போனை நீட்டினான். 'சன்வாக்ஸ்' என்று ஒரு ஆப். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அசல் பேரேடு! மேலிருந்து கீழாக வரிகள். ஒவ்வொரு வரியிலும் எந்த ஸ்வரம், எந்தக் கருவி, எவ்வளவு சத்தம் என்று எழுத்தும் எண்ணுமாகப் பதிவு. தட்டினால் வரிகள் ஓடுகின்றன, பாட்டு வருகிறது. இதற்கு டிராக்கர் என்று பெயர். 1987-ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்பவர் அமிகா கம்ப்யூட்டருக்காகத் தொடங்கி வைத்த முறை.

அதே ஆப்பில் இன்னொரு திரை, மாடுலர் சிந்தசைஸர். ஒரு பெட்டி ஒலியைப் பிறப்பிக்கும், அடுத்தது வடிகட்டும், இன்னொன்று எதிரொலி சேர்க்கும். பெட்டிகளைக் கோடு போட்டு இணைக்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் கோடு இல்லை, நிஜ வயர். 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைஸரை அமைத்துக் கொடுத்தார். விக்ரம் சாராபாயின் சகோதரி கீதா சாராபாய் முதலான சிலர் அதில் இசை செய்தார்கள். சில வருஷத்தில் எல்லாம் ஓய்ந்தது, ஒலிநாடாக்கள் தூங்கின. பால் பர்கஸ் என்பவர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023-ல் அவரவர் பெயரோடு ஆல்பம் வந்தது. வரவு வைக்க அரை நூற்றாண்டு! ஆனாலும் வைத்தார்கள்.

திண்ணைக்கு வருவோம். பையன் போட்ட பாட்டில் திடுக்கென்று ஒரு பம்பை அடி.

"எங்கப்பா அடிச்சதுங்க சார். ரெக்கார்ட் பண்ணி வெட்டிப் போட்டேன்."

ஒரே ஒரு துண்டு. அதையே வேகமாக்கி, மெதுவாக்கி, நாற்பது இடத்தில் வைத்திருந்தான். ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டாராம்.

பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரி. இனிமே என்னைக் கூப்புடுவாங்களாடா?"

பையன் பேசவில்லை. நானும்தான்.

மெஷினில் வருவது இசையா என்று கேட்பது வீண். ராத்திரியெல்லாம் கண்விழித்துக் காதைத் தீட்டிக்கொண்டு செய்திருக்கிறான், இசைதான். மின்சாரத்தில் பிறக்கும் ஒலிக்கு யாருக்கும் கடனில்லை, கரண்ட் பில் தவிர. ஆனால் பெரியவரின் அடியில் நாற்பது ஆடி மாசம் இருக்கிறது.

அதே 1969-ல் அமெரிக்காவில் 'வின்ஸ்டன்ஸ்' குழுவின் ஒரு பாட்டில், கிரெகரி கோல்மன் சில விநாடிகள் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்தத் துண்டை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன. அவருக்குச் சல்லிக்காசு வரவில்லை. 2006-ல் வீடு வாசல் இல்லாமல் இறந்துபோனார். எடுத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? இல்லை. பலருக்கு அவர் பெயரே தெரியாது. பெயர் தெரியாத இடத்தில் கடனும் தெரிவதில்லை.

'அப்பன் சொத்து மகனுக்குத்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். உயிரோடு உட்கார்ந்திருப்பவரிடம் வாரிசுரிமை பேசுவது கணக்கிலும் தப்பு, தர்மத்திலும் தப்பு.

செல்போனில் அந்த அடிக்கு 'டிரம் 07' என்று பெயர் வைத்திருந்தான். அழித்துவிட்டு அப்பா பெயரைப் போடச் சொன்னேன். வந்ததில் பாதியும் கொடுக்கச் சொன்னேன். போட்டான், கொடுத்தான். பெரியவர் ஐந்நூறை எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார். அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. ஆனால் தன் பெயர் உள்ள பாட்டை யார் வாங்கினாலும், 'என் பங்கு எங்கே?' என்று அவரால் கேட்க முடியும். 'டிரம் 07'-க்கு வாய் கிடையாது.

தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதியமான் ஊர். அவன் கொடுத்தது ஒரே ஒரு நெல்லிக்கனி. அவ்வை தின்றுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். கொடுத்தவன் பெயரைப் பாட்டில் எழுதி வைத்தாள்.

அவ்வை பி.காம். படிக்கவில்லை. தருபவரை வரவு வைக்கத் தெரிந்திருந்தது.