மருந்துக்கு விலக்கு அளிப்பது நீதியா?

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் ரிக் டிமாண்ட். அப்போது அவருக்கு வயது 16. ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பரை நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் முந்தியிருந்தார். பின்னர் அந்தத் தங்கப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஆஸ்துமாவுக்காக அவர் உட்கொண்டுவந்த மாத்திரையில் எபிட்ரின் கலந்திருந்தது. எபிட்ரின் தடைப் பட்டியலில் இருந்தது. தாம் எடுக்கும் மருந்தை மருத்துவப் படிவத்தில் அவர் மறைக்காமல் எழுதிக் கொடுத்திருந்தார். ஒலிம்பிக் குழுவிடம் அதற்கு முன்கூட்டியே இசைவு வாங்கத் தவறியவர்கள் அணியின் பொறுப்பாளர்கள். 1500 மீட்டரில் உலக சாதனை அவர் பெயரில் இருந்தும் அதன் இறுதிப் போட்டியில் இறங்க அவரை விடவில்லை. 2001இல் அமெரிக்க ஒலிம்பிக் குழு தன் பக்கத் தவறை ஏற்றுக்கொண்டது. பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

இப்படிப்பட்ட அநீதி மீண்டும் நேராதிருக்க ஏற்பட்டதுதான் சிகிச்சைக்கான விலக்கு. நோயைத் தணிக்கத் தடைசெய்யப்பட்ட மருந்தைத் தவிர வேறு வழியில்லை என்றால், வீரர் உரிய அனுமதி பெற்று அதை எடுத்துக்கொண்டே விளையாடலாம். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நோய் இருப்பதை மருத்துவச் சான்றுகள் காட்ட வேண்டும். அந்த மருந்து வீரரை இயல்பான உடல்நிலைக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் கூடுதல் திறனைத் தரக் கூடாது. தடையில்லாத மாற்று மருந்து எதுவும் பயன்படாத நிலை இருக்க வேண்டும். முன்பு அனுமதியின்றி ஊக்கமருந்து எடுத்ததன் விளைவாக இப்போதைய தேவை எழுந்திருக்கக் கூடாது. குறைந்தது மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு இவற்றைப் பரிசீலித்து முடிவு சொல்லும்.

ஏட்டளவில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இயற்கை எல்லோருக்கும் ஒரே உடலைத் தரவில்லை. குள்ளமாகப் பிறந்தவருக்காகக் கூடைப்பந்து வளையத்தை யாரும் தாழ்த்துவதில்லை. மூச்சுக்குழல் சுருங்குகிறவருக்கு மட்டும் ஏன் சலுகை? விளையாட்டு என்பதே ஏற்றத்தாழ்வுள்ள உடல்களின் போட்டிதானே?

இந்த வாதத்தில் கூர்மை உண்டு, நியாயம் குறைவு. உயரக் குறைவால் யாரும் சாவதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்த இன்சுலின் எல்லாக் காலத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். விலக்கு இல்லையென்றால் அவருக்கு இரண்டே வழிகள்: விளையாட்டை விடுவது அல்லது உயிரை விடுவது. ஊக்கமருந்துத் தடையின் நோக்கங்களில் ஒன்று வீரரின் உடல்நலத்தைக் காப்பது. அந்தத் தடையே ஒருவரை மருந்தில்லாமல் ஓடச் சொன்னால், தன் நோக்கத்தைத் தானே முறித்துக்கொள்கிறது. அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999இல் இந்த நோய் கண்டறியப்பட்டது. அதன் பிறகே அவர் 2000, 2004 ஒலிம்பிக்குகளில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குறிபார்ப்பதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. கண்ணாடி அவரை மற்றவர்களின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். இன்சுலினும் அதையே செய்கிறது.

சிக்கல் தொடங்குவது, குணப்படுத்தும் வேலையும் திறன் கூட்டும் வேலையும் ஒன்றாகவே இருக்கும் மருந்துகளில். துப்பாக்கி சுடுதலை எடுத்துக்கொள்வோம். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தை அடக்கும். மருத்துவர் விரும்பும் பலனே இலக்கில் கூடுதல் புள்ளியாக விழும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் இழந்தது இவ்வகையைச் சேர்ந்த ப்ரோப்ரனலால் உடலில் இருந்ததால்தான். நோய் உண்மையானதாக இருந்தாலும், இந்த விளையாட்டில் இந்த மருந்துக்கு விலக்கு கேட்பவர் மற்றவர்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறார். அவருக்கு மறுப்பது கடுமையானது, ஆயினும் சரியானது. அவர் மருந்தை எடுத்தே ஆக வேண்டும். எடுத்துக்கொண்டு சுடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

இன்னொரு சிக்கல், ‘இயல்பு நிலை’ எது என்பது. வயது ஏற ஏற ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவது இயற்கை. அந்தக் குறைவை நோய் என்று காட்டி, கலப்புத் தற்காப்புச் சண்டை வீரர்கள் சிலர் ஒரு காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு விலக்கு பெற்றார்கள். முதுமையைத் தள்ளிப்போடுவது சிகிச்சை ஆகாது. அத்துடன், முன்பு ஸ்டீராய்டு எடுத்தவர்களின் உடலிலும் இந்த ஹார்மோன் குறையும். அப்படியானால் பழைய குற்றமே புதிய சலுகைக்குத் தகுதியாகிவிடும். அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் 2014 பிப்ரவரியில் இந்த வகை விலக்குகளை அடியோடு நிறுத்தியது. எதிராளியின் முகத்தில் குத்துவதே விளையாட்டாக இருக்கும் இடத்தில், கூடுதல் பலம் இன்னொருவரின் உயிரைப் பற்றிய விஷயம். அந்த முடிவு காலம் தாழ்ந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விதிக்கு உட்பட்டே அறத்தைத் தாண்டும் சிக்கல். பிரிட்டனின் பிராட்லி விக்கின்ஸ் 2012இல் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியை வென்றார். அந்தப் போட்டிக்கு முன் மகரந்த ஒவ்வாமைக்காக அவர் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை முறையான விலக்குடன் போட்டுக்கொண்டது பின்னர் வெளியே வந்தது. 2018 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று, விதி மீறப்படவில்லை என்றாலும் அவருடைய அணி அற எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிக்கை தந்தது. விக்கின்ஸும் அணியும் அதை வன்மையாக மறுத்தார்கள். அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை வெளியார் தீர்ப்பிட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். மருந்து கேட்பதும் அணி, நோய்க்குச் சான்று தருவதும் அணியின் மருத்துவர் என்றால் சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சந்தேகம் குற்றமற்றவர் மீதும் படியும்.

விக்கின்ஸ் பெற்ற விலக்கின் விவரம் வெளிவந்த விதமும் ஓர் அறக் கேள்வியை எழுப்புகிறது. 2016 செப்டம்பரில் ‘ஃபேன்சி பியர்ஸ்’ என்ற கும்பல் வாடாவின் கணினித் தரவுகளில் புகுந்து, வீரர்களின் மருத்துவ ஆவணங்களை இணையத்தில் கொட்டியது. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் கவனக்குறைபாட்டுக்கு மருந்து எடுப்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று அவர் நிமிர்ந்து பதில் சொன்னார். எல்லோருக்கும் அந்தத் துணிவு வாய்க்காது. வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு உரிமை இல்லை. எல்லா விலக்குகளையும் பெயருடன் வெளியிட்டால் சந்தேகம் தீரும் என்பவர்கள் உண்டு. நோயை ஊருக்குச் சொன்னால்தான் மருந்து என்றால், பலர் மருந்தையே மறுத்துவிடுவார்கள். நாடு, விளையாட்டு, மருந்து வகை வாரியாக எத்தனை விலக்குகள் தரப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்ற கணக்கு வெளிவந்தால் போதும். மிகையான எண்ணிக்கை தானாகவே கண்ணில் படும். யாருடைய நோயும் சந்திக்கு வராது.

சந்தேகத்தின் அளவு குறித்தும் ஒரு சொல். 2010 முதல் 2018 வரை நடந்த ஒலிம்பிக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், விலக்குடன் போட்டியிட்டவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு என்று தெரிந்தது. விலக்குக்கும் பதக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பும் காணப்படவில்லை. பதக்கங்களை மருந்துச் சீட்டுகள் வென்றுதருகின்றன என்ற பேச்சுக்கு ஆதாரம் மெலிந்தது.

உண்மையில் அதிகம் பேசப்படாத அநீதி வேறிடத்தில் இருக்கிறது. பணக்கார அணிக்கு மருத்துவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, விண்ணப்பத்தைக் கச்சிதமாக எழுத ஆள் உண்டு. சிற்றூரிலிருந்து வரும் ஓட்டக்காரருக்கு உள்ளூர் மருத்துவர் எழுதித் தரும் சீட்டு மட்டுமே உண்டு. இருமலுக்கும் மூட்டு வலிக்கும் எழுதப்படும் மாத்திரையில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருக்கலாம் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவருக்குச் சிகிச்சையாக ஏற்கப்படுவது இன்னொருவருக்குக் குற்றமாக முடிவது நோயால் வரும் வேறுபாடு அல்ல, வசதியால் வருவது.

ஆகவே விலக்கு நீதியானதே. அதை நீக்கச் சொல்வது நோயாளியைத் தண்டிக்கச் சொல்வதாகும். திறன் கூட்டுவதே மருந்தின் வேலையாக உள்ள விளையாட்டில் அதைத் தயங்காமல் மறுக்க வேண்டும். நோயை உறுதிசெய்வது அணியைச் சாராத மருத்துவராக இருக்க வேண்டும். இந்தியாவில் தேசிய அளவில் விளையாடுவோர் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவிடமும், சர்வதேச அளவில் விளையாடுவோர் தத்தம் சர்வதேச சம்மேளனத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். இதை வீரருக்குச் சொல்லிக்கொடுப்பதும், படிவம் நிரப்ப உடனிருப்பதும் பயிற்சியாளரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாத சங்கம், பரிசோதனையில் சிக்கிய இளைஞரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த உரிமையற்றது.