தேறலும் கள்ளும்

குடி தீது என்பதை இவ்வேட்டின் நேயர்களுக்கு நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கள்ளுண்ணாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். அதனை மேடைதோறும் ஓதி வருகின்றோம். எனினும் ஒரு வினா நெடுநாளாக நம் உள்ளத்தை உறுத்தி வருகின்றது. வெறி தரும் நீர் ஒருவன் கையில் இழிவு என்றும், மற்றொருவன் கையில் கலை என்றும் பெயர் பெறுவது எதனால்? அதிலுள்ள சாராயத்தின் அளவினாலா? அன்று. அளவை நோக்கின் கலை எனப்படுவதே நான்கு மடங்கு கடுமையானது.

போர்ட் என்னும் செந்நிற மதுவை எடுத்துக்கொள்வோம். கடைகளில் அப்பெயர் ஒட்டி விற்கப்படும் மலிவான இனிப்புச் சரக்கை நாம் கருதவில்லை. போர்த்துக்கல் நாட்டில் டூரோ ஆற்றங்கரையின் செங்குத்தான பாறைச் சரிவுகளில் விளையும் திராட்சையிலிருந்து, சிறந்த ஆண்டுகளில் மட்டும் வடித்தெடுக்கப்படும் ஆண்டு முத்திரை பெற்ற போர்ட்டையே கருதுகின்றோம். அறுவடை முடிந்ததும் பழத்தைக் கருங்கல் தொட்டியிலிட்டு, ஆட்கள் தோளோடு தோள் கோத்து நின்று, மணிக்கணக்காக வெறுங்காலால் மிதிப்பார்கள். இன்று பல இடங்களில் பொறிகள் மிதிக்கின்றன எனினும் பழைய முறையும் அழிந்துவிடவில்லை. சாறு இரண்டு மூன்று நாள் புளிக்கும். அதன் இனிப்பில் ஏறத்தாழப் பாதி எஞ்சியிருக்கையில், நூற்றுக்கு எழுபத்தேழு பங்கு வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றிவிடுவார்கள். 550 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாய்க்கு 115 லிட்டர் அளவில் இச்சாராயம் சேரும். புளிக்கச் செய்யும் நுண்ணுயிர் அத்துடன் மடியும், இனிப்பு நிலைத்துவிடும், மதுவின் வீரியமோ நூற்றுக்கு இருபதாக உயரும்.

பத்து ஆண்டுகளில் மூன்று ஆண்டே முத்திரைக்கு ஏற்றதென அறிவிக்கப்படுவது பெருவழக்கு. அம்மது பீப்பாயில் இரண்டாண்டளவே தங்கும். பின்னர் வடிகட்டாமலே புட்டியில் அடைக்கப்பெற்று, இருட்டறையில் படுக்க வைக்கப்படும். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் அஃது அங்கே கிடக்கும்.

இளமையில் அதனைச் சுவைப்பவன் என்ன காண்பான்? நாவற்பழச் சாற்றை ஒத்த கருநீலச் சிவப்பு. வாயில் வைத்தால் கடுக்காயை மென்றாற்போன்ற துவர்ப்பு. அதன்மேல் பாகு போன்ற இனிப்பு. அதற்கும் மேல் தொண்டையைச் சுடும் சாராயம். இம்மூன்றும் தனித்தனியே நின்று பூசலிடும். தேர்ந்தவன் இதனை வெறுத்து ஒதுக்குவதில்லை. துவர்ப்பு மிகுந்திருத்தல் நீண்ட வாழ்நாளுக்கு அறிகுறி என்பான். பூசலில் எதிர்கால இணக்கத்தைப் படிப்பான். இப்பொழுதே அருந்த விரும்பினால், வாயகன்ற கண்ணாடிக் குடத்தில் ஊற்றிச் சில மணி நேரம் காற்றாட விட்டு, அதன் முரட்டுத்தனத்தைச் சற்றே தணித்துக்கொள்வான். பல்லாண்டு காத்தவன் செய்வது வேறு. துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, வண்டலாகப் படிந்திருக்கும். மதுவின் நிறம் செங்கல்லின் சாயலை அடைந்திருக்கும். ஆதலின் புட்டியை ஒருநாள் முன்னதாகவே நிமிர்த்தி நிறுத்தி, வண்டலை அடியில் தங்கச் செய்வான். பின்னர், கழுத்தின் கீழே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, கை நடுங்காமல் மெல்லச் சாய்ப்பான். வண்டலின் முதற்கீற்று சுடரொளியில் தோன்றியவுடன் நிறுத்திவிடுவான். எஞ்சியதை விட்டுவிட அவனுக்கு மனம் உண்டு.

இனி நம் கள்ளைப் பார்ப்போம். தென்னம்பாளையைக் கயிற்றால் இறுக்கி, தட்டி, நுனி சீவி, கலயத்தைக் கட்டுகின்றனர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரத்தில் இருக்கும்போதே அது புளிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு ஐந்து அளவிற்கு வெறி ஏறும். மறுநாள் புளிப்பு மிகும். சில நாளில் காடியாகிவிடும். சேமித்து வைக்கவோ விலையேற்றி விற்கவோ வழியில்லை. இறங்கிய அன்றே குடித்தாக வேண்டும். இன்றேல் கொட்டியாக வேண்டும்.

தமிழன் காத்திருந்து அருந்த அறியாதவன் என்று எவரும் எண்ண வேண்டா. திருமுருகாற்றுப்படையில் வரும் மலைவாணர் மூங்கிற் குழாயில் நெடுநாள் முதிர வைத்த தேன் தேறலை அருந்துகின்றனர். புறநானூற்றின் ஐம்பத்தாறாம் பாட்டில் நக்கீரர் யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துமாறு வாழ்த்துகின்றார். தேறல் என்னும் சொல்லே ஆராயத்தக்கது. தெளிந்தது தேறல். அறிவு தெளிதலும், நோய் நீங்கி உடல் நலம் பெறுதலும், ஒருவனை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தலும் நம் மொழியில் தேறுதல், தெளிதல் என்றே வழங்குகின்றன. வண்டலை நீக்கிய மதுவுக்கு இப்பெயர் வைத்த நம் முன்னோர், அதைக் குடித்தவன் தெளிவான் என்று கருதி வைத்தாரல்லர் என்பது மட்டும் உறுதி. மது தெளியத் தெளியக் குடிப்பவன் கலங்குகின்றான். இந்த முரணைக் கண்டே போலும் வள்ளுவர், பழையது புதியது என்ற வேறுபாடு பாராட்டாமல், கள் என்ற ஒரே பெயரால் அனைத்தையும் விலக்கினார்.

போர்ட் அருந்துவோரை உயர்த்திப் பேசுவோர் காட்டும் நியாயம் ஒன்றுண்டு. அவன் பொறுமையுடையவன், ஆய்ந்து சுவைப்பவன், அளவறிந்து நிறுத்துபவன். தோட்டத்துக் குடியனோ கூலி கைக்கு வந்த மாலையே அதனைக் கரைப்பவன் என்பார்கள். கேட்பதற்கு இது செம்மையாகவே இருக்கின்றது. ஆனால் நாற்பது ஆண்டு காத்திருத்தற்கு வேண்டுவன எவை? குளிர்ந்த அறை வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று பாகை வெப்பத்தில் அசையாது கிடக்க வேண்டிய பொருளைக் கிள்ளான் வெயிலில் வைத்தால் சில ஆண்டிலே கெடும். ஆகவே இங்கே அதற்கென மின்சாரப் பெட்டியும் வேண்டும். தனக்கெனச் சொந்த வீடு வேண்டும். நாற்பதாண்டு கழித்தும் அவ்வீடு தன்னிடமோ தன் மக்களிடமோ இருக்குமென்ற உறுதி வேண்டும். வேலை போனால் லயத்து அறையும் போகும் என்றிருந்த பால்மரத் தொழிலாளிக்கு இவற்றுள் எது இருந்தது? நாளை என்பதே கையில் இல்லாதவனிடம் காத்திருக்கும் பண்பு இல்லையே எனக் குறை கூறுவது எவ்வகை அறம்?

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாறைச் சரிவுகளைப் படிபடியாக வெட்டிச் சுவரெழுப்பியவரும், நள்ளிரவு வரை தொட்டியில் மிதித்தவரும் கூலிகளே. தாம் மிதித்த மது முதிர்ந்து முழுமை பெறும் நாளில் அதனைச் சுவைக்கும் பேறு அவருள் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? நம் மக்கள் சீவிய மரத்தின் பால் எங்கோ சக்கரமாக உருண்டது போல, அவர்களது உழைப்பும் எவர் மேசையிலோ சென்று அமர்ந்தது.

நகரத்தாரை நோக்கியும் ஒரு சொல். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகள் இருந்த காலந்தொட்டே, எழுத்தும் கணக்கும் கற்ற தமிழர் பலர் தோட்டத்துத் தமிழரைக் கள்ளுக்கடையைக் கொண்டே அளந்து வந்துள்ளனர். தம் வீட்டு அலமாரியில் இருக்கும் சீமைப் புட்டி அவர் கணக்கில் சேராது. அது மரியாதைக்கு வைத்தது! இவ்வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை.

அப்படியாயின் கள்ளை நாம் போற்றுகின்றோமா? இல்லை. லயங்களில் அடிபட்ட பெண்களும், பசித்து உறங்கிய குழந்தைகளும், கள் மென்மையானது என்ற இரசாயனக் கணக்கால் ஆறுதல் பெறமாட்டார்கள். நூற்றுக்கு ஐந்து என்பது கோப்பையின் கணக்கு, கலயத்தின் கணக்கன்று. அக்கடைகளின் பின்னே ஒரு வஞ்சமும் இருந்தது. தோட்டத்திலேயே நிர்வாகத்தின் இசைவுடன் கடை நடக்கும்; அதன் இலாபத்திலிருந்து தொழிலாளர் நலத்திற்கென ஒரு பகுதி ஒதுக்கப்படுவதும் உண்டு. தந்தை குடித்தால்தான் மகனுக்கு விளையாட்டுப் பந்து! இத்தகைய தருமத்தை எந்த நூல் வகுத்ததோ நாம் அறியோம்.

கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீட்டுமனைகளும் நிற்கின்றன. ஆயினும் வறியவன் குடி ஒழியவில்லை. சம்சு என்றும் வேறு பெயர்களிலும் மலிவுச் சாராயமாக மாறியது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த போலி மதுவை அருந்தி, சிலாங்கூரிலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் பலர் மாண்டனர். இறந்தோருள் பெரும்பாலோர் அயல்நாடுகளிலிருந்து இங்கு வந்து உழைத்த கூலியாட்கள். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றார்கள்.

தோட்டத் தமிழனுக்குத் தெளிவு பிறர் சொல்லித்தான் வரவேண்டும் என்பது பலரது எண்ணம். அவர்கள் 1941ஆம் ஆண்டைப் படித்தல் நன்று. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர் கேட்டவை எவை? சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை. இவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் அவர்களே கேட்டனர்.

எந்த மதுவிலக்குப் பிரசாரகரும் இவ்வளவு துல்லியமாகக் கண்டதில்லை. மிதிவண்டியில் நிமிர்ந்து செல்வதும் கள்ளுக்கடை ஒழிவதும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டியவை என்பதை அவர்கள் கண்டனர். கடையை மட்டும் மூடிவிட்டு முதுகை வளைத்தே வைத்திருப்பதை அவர்கள் கேட்கவில்லை. சுடர் ஏற்றிப் பார்த்து, வண்டல் எது, நீர் எது என்று பிரித்தறிந்த கூட்டம் அது.

அதற்குக் கிடைத்த விடை படைவீரர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார், வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின. கடைகள் திறந்தே இருந்தன. ஐந்து ஆண்டு சென்று, போர் ஓய்ந்த பின், கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடை வாயில்களில் மறியல் செய்தபோது, அவர்களை எதிர்கொள்ள வந்ததும் போலீசாரே.