பக்கத்துக் கடையின் விலை

குறைக்க முடியாது என்று அந்தப் பெண் சொன்னது பத்தே பத்து ரூபாய். அவளுடைய சரக்காக இருந்தால் குறைத்திருப்பாள். சற்று முன்னால்தான் இருபது ரூபாய் குறைத்திருந்தாள். இது பக்கத்துக் கடைக்காரர் சரக்கு. அதனால் முடியாது. சித்திரை பிறந்த அன்றிலிருந்து இந்தப் பத்து ரூபாய் என் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

வங்காளிகளுக்கு ஆண்டின் கடைசி நாள் சைத்ர சங்கராந்தி. பெரும்பாலும் நமக்குச் சித்திரைப் பிறப்பு வருகிற அன்றே வரும். அன்று வடகொல்கத்தாவில், பீடன் ஸ்ட்ரீட்டிலுள்ள சாத்துபாபு பஜாரில் உயரமான மரம் ஒன்றை நட்டு, சிவனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் அதில் தொங்கிச் சுற்றுவார்கள். சரக் என்று பெயர். நம் ஊர்களில் செடில் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். முதுகில் கொக்கி மாட்டிச் சுற்றும் வழக்கத்தை வங்காள அரசு 1865இல் தடை செய்தது. அப்போது லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர் சிசில் பீடன். தெருவுக்கு அவர் பெயர்தான். இப்போது கயிற்றைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். மரத்தைச் சுற்றிலும் தெருவெங்கும் கடைகள்: முறம், கூடை, பனையோலை விசிறி, அருவாமணை, சப்பாத்திக்கட்டை, மண்பொம்மை. ஸ்டால் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. தார்ப்பாயை விரித்தால் கடை.

சென்னையிலிருந்து வந்திருந்த என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மூங்கில் முறம் வைத்திருந்த ஒரு பெண்ணிடம் நின்றோம். நூற்றைம்பது என்றாள். நாத்தனார் உதட்டைப் பிதுக்கியதும், "சரி பௌதி, நூத்திமுப்பது குடுங்க" என்று தானாகவே இறங்கிவிட்டாள். பௌதி என்றால் அண்ணி. இங்கே கடைக்காரர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த தார்ப்பாயில் பொம்மைகள் இருந்தன, ஆள் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ராணி பொம்மை, ஹௌரா மாவட்டத்தில் அச்சில் வார்த்துச் செய்வது. உடம்பெல்லாம் ரோஜா நிறம், மேலே அப்பிரகப் பொடி மினுங்கும். நாத்தனார் ஒன்றை எடுத்து விலை கேட்டாள். முறக்காரிதான் பதில் சொன்னாள். எண்பது.

"அறுபது."

"இல்ல பௌதி."

"சரி, எழுபது. அதுக்கு மேல வேண்டாம்."

"என் முறம்னா குறைப்பேன். இது அவர் சொன்ன விலை."

அவர் வந்த பிறகு கேளுங்கள் என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. பொம்மையை வாங்கித் திருப்பி, அடிப்பக்கத்தைக் காட்டினாள். நன்றாக வெந்த மண், தட்டினால் சத்தம் வரும் என்று விரலால் தட்டிக் காட்டினாள். அவளுடைய முறத்தைப் பற்றி இந்த அளவுக்குக்கூட அவள் பேசவில்லை. நாத்தனார் எண்பதைக் கொடுத்தாள். அப்போதுதான் முறக்காரியின் முந்தானையை நான் பார்த்தேன். ஒரு முனையில் இரண்டு முடிச்சு. முறத்துக்குக் கொடுத்த பணத்தை ஒன்றில் முடிந்திருந்தாள்; பொம்மைப் பணத்துக்கு மற்றதை அவிழ்த்தாள். அவள் விரல்களில் அப்பிரகம் ஒட்டியிருந்தது. அந்த முடிச்சிலும் மினுமினுப்பு.

"உங்க அண்ணனா?" என்று கேட்டேன்.

"இல்ல. சரக் திருவிழாவுக்கு வர்றப்ப பக்கத்துல உக்காருவார்."

"பேர் என்ன?"

யோசித்தாள். "புதுல்வாலா" என்றாள். பொம்மைக்காரர். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. வேறு திருவிழாவில் பார்ப்பீர்களா என்றேன். ரத யாத்திரைக்கு இருவரும் வேறு வேறு ஊர் போகிறார்களாம். அந்தப் பொம்மைக்காரரை நான் பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பும்வரை அவர் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "அது நாணயம். நட்புன்னு ஏன் சொல்ற?" என்றார். அடுத்தவர் பொருளுக்கு விலை குறைக்க நமக்கு அதிகாரம் இல்லை, எந்த நேர்மையான ஆளும் அதைத்தான் செய்வார் என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் நாணயம் வாயை மூடிக்கொண்டு விலையை மட்டும் சொல்லும். பொம்மையைத் தட்டிக் காட்டாது. இன்னொரு பதிலும் உண்டு: இன்று இவள் அவர் கடையைப் பார்த்துக்கொள்கிறாள், நாளை அவர் இவள் கடையைப் பார்த்துக்கொள்வார், கொடுக்கல் வாங்கல். அதுவும் சரி. அப்படியானால் பத்து ரூபாய் குறைத்து விற்றுவிட்டு, "வித்துட்டேன்" என்று காசைக் கொடுத்தாலும் கணக்குத் தீர்ந்துவிடுமே. ஏன் தன் விலையைச் சுலபமாக விட்டவள் அவர் விலையை இறுகப் பிடித்தாள்? சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறேன்.

நான் மதுரையில் வளர்ந்தவள். இதே சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அப்பத்தாவோடு போவோம். வைகை மணலில் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இடம் பிடிக்கச் செங்கல் வைப்பார்கள், துண்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்கே அடிதடி நடக்கும். கைகலப்பை விலக்கி விடுகிறவரும் அடுத்த கடைக்காரராகத்தான் இருப்பார். விளாச்சேரிப் பொம்மைகள் ஒரு பக்கம், ஓலை விசிறி ஒரு பக்கம். எனக்கு வளையல்தான் முக்கியம். இரண்டு வளையல்காரம்மாக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே சரக்கு, ஒரே விலை. என் கை அளவில் பச்சை வளையல் ஒருத்தியிடம் இல்லை. எழுந்திருக்காமலே கையை நீட்டி அடுத்தவள் பெட்டியிலிருந்து எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். காசை வாங்கி அந்தப் பெட்டியில் போட்டாள். அடுத்தவள் வேறொரு குழந்தைக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா அப்பத்தா?" என்று கேட்டதற்கு, "ஏவாரத்துல என்னடி அக்கா தங்கச்சி" என்று அப்பத்தா என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பத்தா சொன்னால் அது தீர்ப்பு. ஆனாலும் அந்தத் திரும்பிப் பார்க்காத முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பள்ளியில் நட்பு என்றால் எங்களுக்குக் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்தான். புறநானூற்றில் அந்தப் பாட்டுகளைத் தமிழையா உருகி உருகி நடத்துவார். ஒருவர் உறையூரில், ஒருவர் பாண்டிய நாட்டில், ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது, என் நண்பர் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். வரமாட்டார் என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். வந்தார். பொத்தியார் அதை வியந்து பாடியிருக்கிறார். வள்ளுவர் நட்புக்கு நெருங்கியிருப்பதும் பழகுவதும் வேண்டியதில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்கிற இடத்தில் பரிமேலழகர் இவர்களைத்தான் உதாரணம் காட்டுகிறார். படித்த காலத்தில் எனக்கு இது முழுக்கச் சரியாகப் பட்டது. உடம்பு எங்கே இருந்தால் என்ன, மனசு சேர்ந்திருந்தால் அதுவே நட்பு.

பீடன் ஸ்ட்ரீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். இங்கே உடம்பு பக்கத்தில் இருக்கிறது. முழங்கை இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில். மனசு என்னவென்று யாரும் விசாரிக்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. சோழனும் ஆந்தையாரும் ஒருவரையொருவர் முழுக்க அறிந்து, காணாமலே இருந்தார்கள். இவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள், ஒன்றும் அறியவில்லை. திருக்குறளில் நட்பை ஒட்டி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் உண்டு: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. நட்பாராய்தலில் குடி, குணம், குற்றம் எல்லாம் விசாரித்துவிட்டு நட்புக் கொள் என்கிறார். முறக்காரி எதையும் விசாரிக்கவில்லை. பழைமையில் ஏதாவது இடம் கிடைக்குமா என்று மறுபடி புரட்டிப் பார்த்தேன். அங்கே பேசுவது நீண்ட நாள் பழகியவர் உரிமையோடு செய்கிற காரியத்தைப் பொறுப்பது பற்றி. வைகை வளையல்காரம்மாவுக்கு அது பொருந்தும். கேட்காமல் பெட்டியில் கைவிட்டாளே. முறக்காரிக்குப் பொருந்தாது. அவள் உரிமை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள மறுத்தாள். பத்து ரூபாய் குறைக்கிற உரிமைகூடத் தனக்கு இல்லை என்றாள்.

குளிர்காலத்தில் மாநில அரசு நடத்துகிற ஹஸ்த சில்ப மேளா வேறு மாதிரி. நியூ டவுனில் வரிசை வரிசையாக ஸ்டால், ஒவ்வொன்றுக்கும் எண், பெயர்ப்பலகை. பிக்னாவிலிருந்து டோக்ரா வார்ப்பு, பாஞ்ச்முராவிலிருந்து சுடுமண் குதிரை, சரிதாவிலிருந்து சௌ முகமூடி, பிங்ளாவுக்குப் பக்கத்து நயா கிராமத்திலிருந்து படச்சுருள் எழுதுகிற சித்ரகர்கள். 2018இல் இவற்றில் பலவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நயாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் சித்ரகர் என்றுதான் பெயர் முடியும். வரைகிற கதையும், சுருளை அவிழ்த்தபடி பாடுகிற பாட்டும் ஊருக்கே பொது. ஒரே தெருவில் பிறந்தவர்கள், ஒரே சரக்கோடு அடுத்தடுத்து உட்கார்ந்து, ஒரே வாடிக்கையாளரைப் பார்க்கிறார்கள். நட்புக்கு இதைவிடக் கடினமான இடம் இருக்க முடியாது. அங்கே ஒரு முறை ஒருத்தி மனசா தேவியின் கதையைப் பாடிக்கொண்டிருந்தாள். பாதியில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்த பாயில் உட்கார்ந்திருந்தவள் தன் சுருளைத் தொடாமல், விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர் முதலாமவளிடம்தான் படத்தை வாங்கினார். இரண்டாமவளுக்கு அன்று விற்றதா என்று எனக்குத் தெரியாது.

அவர்களுக்கு ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் ஊரில் கேட்பார்கள். முறக்காரிக்கும் பொம்மைக்காரருக்கும் அப்படிக் கேட்க ஆள் யாரும் இல்லை. அதனால்தான் நயாப் பெண்கள் எனக்குப் புரிகிறார்கள், இவள் புரியவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கிளம்பும்போது மேற்கே வானம் கறுத்தது. கால்பைசாகி என்று இங்கே சொல்கிற கோடைப் புயல்மழை. சைத்ர, பைசாக மாதங்களில் சாயங்காலம் திடீரென்று அடித்துவிட்டுப் போகும். கடைக்காரர்கள் எல்லோரும் பாலிதீனை எடுக்க ஆரம்பித்தார்கள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு தாள். அதை எடுத்துப் பொம்மைகள் மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். நான் பார்ப்பதைக் கண்டு, "என் முறம் நனைஞ்சா வெயில்ல காயும். இது சாயம் போனா யார் வாங்குவா?" என்றாள். கணக்கு, பௌதி, என்கிற மாதிரித்தான் சொன்னாள். உண்மையில் சரியான கணக்கும்கூட. அன்று பெரிய மழை இல்லை, தூறலோடு போயிற்று.

இதை நட்பு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பெயர் தெரியாத நட்பு எப்படி நட்பாகும் என்று என் தமிழையா கேட்பார். இல்லை என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. எனக்குப் பெயரும் பிறந்த நாளும் பிள்ளைகளின் படிப்பும் தெரிந்த சிநேகிதிகள் நிறைய உண்டு. லேக் மார்க்கெட் பக்கத்தில் வசிக்கிற தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு எந்த வைத்தியம் நடக்கிறது என்பதுவரை தெரியும். அவர்களுக்காக நான் உயிரையே கொடுப்பேன் என்று சொல்லிவிடலாம், அது சுலபம். அவர்கள் இல்லாத இடத்தில், அவர்கள் நிர்ணயித்ததில் பத்து ரூபாய் குறையாமல் பிடித்து நிற்பேனா என்பதை யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஒருவேளை நட்பு என்பது அறிவதிலும் இல்லை, காண்பதிலும் இல்லை, அடுத்தவர் இல்லாத நேரத்தில் அவர் சார்பில் நிற்பதில் இருக்கிறதோ என்னவோ. அல்லது அப்பத்தா சொன்னதே சரியாகவும் இருக்கலாம், வியாபாரத்தில் இது சாதாரண வழக்கம், நான்தான் பெரிதாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

திருவிழாவிலோ வாரச்சந்தையிலோ கடை போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் எழுந்து போயிருக்கும்போது நீங்கள் அவர் சரக்கை என்ன விலைக்கு விற்பீர்கள், ஏன் அந்த விலைக்கு விற்பீர்கள் என்று எழுதுங்கள். அவரை என்ன உறவாக நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.