தூக்கிச் செல்லும் கைகள்

பத்து வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு கட்டம் வரும். நடக்க முடியாத ஒரு பெண்ணைக் கதாநாயகன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மலைக்கோயிலின் படிகளில் ஏறுவான். அந்த வாரம் எனக்கு வந்த கடிதங்களை இன்னும் கட்டி வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதியிருந்தார்கள். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. என் பெரியம்மாவின் மகள். எங்கள் குடும்பத்துக்கே அக்கா. அடுத்த முறை நான் போயிருந்தபோது அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவன் என்ன நினைச்சான்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கே தம்பி. அவ என்ன நினைச்சான்னு ஒரு வரிகூடக் காணோமே?"

"நன்றியோட அவன் தோளில சாஞ்சுக்கிட்டான்னு எழுதியிருக்கேனே அக்கா!"

"அது நீ நினைச்சது" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மூடிவிட்டாள்.

அக்காவுக்கு மூன்றாவது வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரும்புப் பட்டை கட்டிய கால்களோடும் இரண்டு ஊன்றுகோல்களோடும் படித்து, கணக்கு ஆசிரியையாகி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தவள். ஐம்பது வயதுக்குமேல் தோள்கள் தேய்ந்துபோய், ஊன்றுகோலை விட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தாள். அவளுடைய கேள்விக்குப் பதில் என்னிடம் அன்றும் இல்லை. பதில் ஒன்று உண்டு என்பதே எனக்கு விளங்கியது கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான்.

உறவினர் கல்யாணம். மூன்று நாள் தங்கவேண்டும். ஒரு லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் செய்து, "லிஃப்ட் இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்குங்க ஸார்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. லிஃப்ட் இருந்தது. தெருவிலிருந்து அந்த லிஃப்டுக்குப் போக ஐந்து படிகள் இருந்தன. அதை நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காலுள்ளவன் படியைக் கணக்கில் வைப்பதில்லை.

லாட்ஜின் உரிமையாளர் நல்ல மனிதர். கார் வந்து நின்றதுமே ஓடி வந்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க ஸார், நம்ம பசங்க நாலு பேர் இருக்காங்க, பூப்போலத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். அவர் சொன்னபடியே நாலு பையன்கள் வந்தார்கள். நாற்காலியோடு அக்காவைத் தூக்கினார்கள். பத்திரமாகத்தான் தூக்கினார்கள். ஒருவன், "எங்கம்மா மாதிரி இருக்கீங்கம்மா" என்றான். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. நம் ஊரில் மனிதாபிமானம் சாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் தொடர்கதையின் கட்டத்தை நேரில் பார்ப்பது போலிருந்தது.

அறைக்குள் போனதும் இன்னொன்று தெரிந்தது. குளியலறைக் கதவின் அகலம் இரண்டடி. நாற்காலியின் அகலம் இருபத்தைந்து அங்குலம். அதாவது உலகம் ஓர் அங்குலத்தில் முடிந்துவிட்டது. அந்தக் கதவுக்கடியிலும் தண்ணீர் வெளியே வராமலிருக்க நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு தடுப்பு.

கல்யாண வீட்டுக்குக் கிளம்ப ஒரு தடவை, திரும்பி வர ஒரு தடவை, நலங்குக்கு, வரவேற்புக்கு என்று ஒவ்வொரு தடவையும் அந்த நாலு பேரையும் கூப்பிடவேண்டும். சமையற்கட்டில் வேலையாயிருப்பவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வருவான். ஒருவன் வெளியே போயிருந்தால் காத்திருக்கவேண்டும். இரண்டாம் நாள் மாலையில் அக்கா, "எனக்குத் தலைவலி, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நாங்களும் நம்பிப் போய்விட்டோம்.

ஊருக்குத் திரும்பும்போது காரில் என் மனைவிதான் மெல்லச் சொன்னாள்: மூன்று நாளும் அக்கா சரியாகத் தண்ணீரே குடிக்கவில்லை, காலையில் அரை டம்ளர் காப்பி, சாப்பிடும்போது இரண்டு வாய் தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் அந்த இரண்டடிக் கதவுக்குள் போகவேண்டும். அதற்கு யாராவது அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைக்கவேண்டும். அதற்காக அடுத்தவளைத் தூக்கத்திலிருந்து எழுப்ப அவளுக்கு மனமில்லை. சக்கர நாற்காலியில் வெளியூர் போகிற பலருக்கு இது பழகிப்போன விரதம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சித்திரை வெயிலில் தஞ்சை ஜில்லாவில், காவிரிக் கரையில், தாகத்தோடு மூன்று நாள்!

எனக்கு முதலில் கோபம் வந்தது. யார்மீது கோபிப்பது? அங்கேதான் தடுமாறினேன். அந்தப் பையன்கள் என்ன தவறு செய்தார்கள்? ஒன்றுமில்லை. உரிமையாளர் முகம் சுளித்தாரா? இல்லை. அவர்கள் கடுமையாக நடந்துகொண்டிருந்தால் விஷயம் எளிது. நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டு வேறு இடம் தேடியிருப்போம். அவர்கள் நல்லவர்களாக இருந்ததுதான் சிக்கல். நல்லவர்கள் நாலு பேர் வாசலில் நிற்கும்வரையில் அந்த ஐந்து படிகளை யாருமே பார்க்கப் போவதில்லை. கருணை அங்கே ஒரு திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கருணைக்கு விலையில்லை என்று நாம் நினைக்கிறோம். விலை உண்டு, அதைக் கொடுக்கிறவன் அறியமாட்டான். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை முகம் மலர நன்றி சொல்லிப் பாருங்கள். மனம் சரியில்லாத வேளையிலும் சிரித்தாக வேண்டும். நாற்காலி சாயும்போது தெரியாத ஆண்பிள்ளையின் கை எங்கே படுகிறது என்பதைப் பாராதது போல் இருக்கவேண்டும். அவனுக்கும் சங்கடம், இவளுக்கும் சங்கடம். விலகிய புடவையைச் சரி செய்யக் கையெடுத்தால் பிடி நழுவும். இத்தனையும் பட்டுவிட்டு, மேலே போய்ச் சேர்ந்ததும் பணம் கொடுத்தால் வாங்க மறுத்து, "இருக்கட்டும்மா" என்பான் பாருங்கள், அந்தப் பெருந்தன்மைக்கும் கடன்பட்டாக வேண்டும்.

நான் அதே ஐந்து படிகளில் ஏறிப் போனேன். யாருக்கு நன்றி சொன்னேன்? யோசித்தால் படியும் ஓர் உதவிதான். தெருவுக்கும் தரைக்கும் இடையே இரண்டரை அடி உயரம். படி இல்லாவிட்டால் நானும் தாவித்தான் ஏறவேண்டும். அல்லது நாலு பேர் என்னையும் தூக்கிவிடவேண்டும். என் கால்களுக்காக ஒருவர் செலவு செய்து, கொத்தனாரை வைத்துக் கல்லும் சிமெண்டும் போட்டுக் கட்டியிருக்கிறார். ஆனால் அதை யாரும் உதவி என்று சொல்வதில்லை, கட்டடம் என்கிறோம். எனக்குச் செய்தால் கட்டடம், அக்காவுக்குச் செய்தால் தர்மமா?

உரிமையாளரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர்தான் ஸார் இப்படி வர்றாங்க. அதுக்காக வாசலை இடிக்க முடியுமா?" என்றார். அக்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்க ஊரிலே பொண்ணுகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாதப்போ இப்படித்தான் சொன்னாங்களாம். பொண்ணுக யாருமே படிக்க வரலியேன்னு!"

சாமான் தள்ளுவதற்காக அந்தப் படிகளின் ஓரத்தில் ஓர் ஆறடிப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இதன்மேல் ஏற்றிவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். கணக்கு வாத்தியாரம்மா விடுவாளா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அதுதான் சாய்தளத்துக்கு உலகமெங்கும் வழங்கும் கணக்கு. இரண்டரை அடிக்கு முப்பதடி. "இது சாய்தளமில்லே தம்பி, சறுக்கு மரம்" என்றாள்.

கும்பகோணம் போன்ற பழைய ஊரில், கடையோடு கடை ஒட்டி நிற்கும் தெருவில், முப்பதடிக்கு எங்கே போவது? இந்தக் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. பாதியில் மடக்கித் திருப்பலாம். ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் எடுக்கலாம். சில கட்டடங்களில் அதுவும் முடியாதுதான். ஆனால் குளியலறைக் கதவுக்கு முப்பதடி வேண்டாமே! கட்டும்போது இன்னும் அரையடி விட்டிருந்தால் போதும். அரையடிச் சுவரை மிச்சம் பிடித்து அந்த மனிதர் என்ன கண்டார்?

சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2017 ஜூனில் வந்தன. பொதுமக்கள் புழங்கும் பழைய கட்டடங்களைத் திருத்துவதற்குத் தந்த ஐந்து வருஷத் தவணை 2022-இல் தீர்ந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட விதிகள் வெறும் யோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நட்சத்திர ஹோட்டல் என்ற தகுதி கேட்பவர்கள் ஓர் அறையாவது இவர்களுக்கென்று வைத்திருக்கவேண்டும் என்றும் ஏற்பாடு உண்டு. அப்படி வைத்த அறையில் பழைய மெத்தைகளை அடுக்கியிருந்ததை ஓரிடத்தில் நானே பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்வானேன்!

2001-இல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் நம் நாட்டுக்கு வந்தபோது, டில்லியின் பழைய நினைவுச் சின்னங்கள் சிலவற்றில் அவருக்காகத் தற்காலிகமாக மரச் சாய்தளங்கள் போட்டார்கள். மேதைக்குச் செய்த மரியாதை, சந்தோஷந்தான். ஆனால் வாசலுக்கு வருகிறவரின் பெருமையைப் பார்த்துத்தானா வாசல் திறக்கவேண்டும்? பிரபஞ்சத்தைப் பற்றி ஒன்றும் கண்டுபிடிக்காத ஒரு கணக்கு வாத்தியாரம்மாவுக்கும் குதுப் மினாரைப் பார்க்க ஆசை இருக்கலாமல்லவா?

அமெரிக்காவில் 1990 மார்ச்சில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் படத்தைப் பார்த்தேன். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால், பல பேர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்து படிகளில் ஏறுகிறார்கள். அவர்களிலே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அதைப் பார்த்தவுடன் என் மனத்தில் தோன்றியது என்ன தெரியுமா? 'யாராவது அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாதா?' என்பதுதான். தொடர்கதைக்காரன் புத்தி! தூக்கிக்கொண்டு போக அங்கே ஆளில்லாமலா இருந்திருக்கும்? வேண்டாம் என்பதைச் சொல்லத்தானே அவர்கள் தவழ்ந்தார்கள்! அந்த ஜூலையில் அவர்கள் கேட்ட சட்டம் வந்தது. 2012-இலிருந்து அங்கே ஹோட்டல்காரர்கள் அறையைப் பதிவு செய்யும்போதே கதவு, குளியலறை முதலிய வசதிகளை விவரமாகச் சொல்லியாக வேண்டும். பதிவு செய்த அந்த அறையையே கொடுத்தாக வேண்டும். "லிஃப்ட் இருக்குங்க ஸார்" என்பதோடு தப்பித்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் சொன்னால் என் நண்பர் ஒருவர் ஆட்சேபிக்கிறார். எல்லாவற்றையும் கல்லும் இரும்பும் செய்துவிட்டால் மனிதனுக்கு மனிதன் எதற்கு, ஒருவரை ஒருவர் தாங்குவதுதானே வாழ்க்கை என்கிறார். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. தூக்கப்படுவது இழிவென்றால் நாமெல்லாரும் இழிந்தவர்களாகத்தான் பிறந்தோம்; முடிவிலும் நாலு பேர் தோளில்தான் போகப் போகிறோம்.

அக்காவிடமே இதைக் கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு பெரியப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஐந்தாம் வகுப்புவரையில் அவர்தான் அவளைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாராம். வாய்க்கால் கரையோடு போகும்போது தும்பியைப் பார்த்தால், "இறக்கி விடுப்பா" என்பாளாம். வேலைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் புல்லில் இறக்கி விடுவாராம். தும்பி பறந்து போனபிறகு மறுபடி தூக்கிக்கொள்வாராம்.

"அந்தப் பசங்களும் தங்கமான பசங்கதான். ஆனா மூணாவது படியிலே என்னை இறக்கி விடுங்கன்னு சொன்னா, எங்கே இறக்குவாங்க?" என்றாள்.

அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். அக்காவும் வருகிறாள். இன்று காலை ஒரு ஹோட்டலுக்குப் போன் செய்தேன். லிஃப்டைப் பற்றிக் கேட்கவில்லை. வாசலில் எத்தனை படி என்று கேட்டேன். சாய்தளம் உண்டு என்றான் பையன். எவ்வளவு நீளம் என்று கேட்டேன். அது தெரியாது என்றான். குளியலறைக் கதவின் அகலம் கேட்டேன். யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "இருங்க ஸார், அளந்து பார்த்துச் சொல்றேன்" என்று போனான். திரும்பி வந்து, "இருபத்தெட்டு இன்ச் ஸார்" என்றான்.

"கதவைத் திறந்து வைத்து, உள் அளவா?" என்றேன்.

"அப்படிப் பார்க்கலியே ஸார். லைன்லேயே இருங்க" என்று மறுபடியும் போனான். படியேறி ஓடுகிற சத்தம் கேட்டது.